குண்டோதரன் நோயுற்றபோது

நம் இல்லங்களில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் என்ன செய்யவேண்டும் என்று பாட்டிமார்க்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுக்குக் கஷாயமும் மிளகு ரசமும் நொய்க் கஞ்சியும் தாமாகவே அடுப்பில் ஏறிவிடும். நாய்க்கோ பூனைக்கோ நோய் என்றால் எடுத்துச் செல்லத் தலைநகரில் மருத்துவமனைகள் பல உண்டு. ஆனால் வீட்டில் வளரும் தவளைக்கு உடல்நலம் குன்றினால் யாரிடம் போவது? அதற்கு எந்தக் கஷாயம்? அன்பர்கள் நகைக்கக்கூடும். 2023ஆம் ஆண்டு தை பிறந்த வாரத்தில் இக்கேள்வியை எதிர்கொண்டு எங்கள் குடும்பம் திகைத்து நின்றது. அப்போது நாங்கள் செய்த பிழைகளையும் பின்னர்க் கற்ற பாடங்களையும் மறைக்காமல் இங்கு எழுதுகிறேன். நகரத்துப் பிள்ளைகள் விந்தையான உயிர்களை விரும்பி வளர்க்கும் இந்நாளில் இது ஒரு வீட்டுக்கேனும் பயன்படுமானால் மகிழ்வேன்.

நெடுந்தொலைவிலிருந்து வந்த விருந்தினன்

2021ஆம் ஆண்டில் என் மகன் தன் பன்னிரண்டாம் பிறந்தநாளுக்கு வேறு எதையும் வேண்டாமல் ஒரு தவளையை வேண்டினான். மீன் தொட்டிக் கடையொன்றில் அதைக் கண்டிருக்கிறான். நம் ஊர் வயல் தவளை அன்று அது. கொம்புத் தவளை என்னும் தென்னமெரிக்க இனம். அர்ஜென்டினா, பராகுவே, பொலிவியா ஆகிய நாடுகளில் பரந்து கிடக்கும் கிரான் சாக்கோ என்னும் வறண்ட நிலப்பகுதியே அதன் தாயகம். கண்களுக்கு மேலே தோல் கூம்பிச் சிறு கொம்புபோல் நிற்கும். உடலில் பாதி வாய் என்று சொல்லும்படி அகன்ற வாய். நாள் முழுதும் மண்ணில் புதைந்து கண்களை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும். அருகில் அசைவது எதுவாயினும் ஒரே கவ்வில் விழுங்கிவிடும்.

முதல்நாள் அது தீனி தின்ற விரைவைக் கண்ட என் தாயார், “இது குண்டோதரன்தான்!” என்றார். மீனாட்சி கல்யாணத்து விருந்தை ஒருவனாகவே உண்டு தீர்த்த பூதத்தின் பெயர் அன்றே அதற்கு நிலைத்தது. புலால் நுழையாத எங்கள் வீட்டில் மண்புழுவுக்கு இடம் தேடுவது எளிதாக இருக்கவில்லை. தாயார் சில நாள் முகம் சுளித்தார். பிறகு, “அதனதன் தர்மம் அதனதற்கு” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, மண்புழுப் பெட்டியைப் பால்கனியோடு நிறுத்தும்படி ஆணையிட்டுவிட்டார்.

இவ்வின வளர்ப்பில் அயல்நாட்டாரும் தொட்டியில் பரப்புவது தேங்காய் நார்த்தூள்தான். ஈரத்தைத் தாங்கி நிற்கும். புதைந்துகொள்ள மென்மையாக இருக்கும். நம் ஊர்த் தென்னையின் நாரில் சாக்கோவின் தவளை உறங்குவதைக் காண எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஊரைவிட்டு வந்து குடியேறிய வீட்டில் ஊரைவிட்டு வந்த இன்னோர் உயிர். இவ்வாறு ஒன்றரை ஆண்டு இனிதே கழிந்தது.

நான் செய்த பிழை

2023 ஜனவரி 6ஆம் தேதி பொங்கலுக்காகக் குடும்பத்தோடு தஞ்சைக்குப் புறப்பட்டோம். பன்னிரண்டு நாள் பயணம். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மையார் சாவியை வாங்கிக்கொண்டு, தொட்டியின் தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பிவைப்பதாக அன்புடன் ஒப்புக்கொண்டார்.

புறப்படும் முன்னால் நான் இரண்டு காரியங்கள் செய்தேன். பன்னிரண்டு நாள் பட்டினி கிடக்குமே என்று இரங்கி, வழக்கத்தைவிட இருமடங்கு மண்புழுக்களைக் குண்டோதரனுக்கு ஊட்டினேன். ஆளில்லாத வீட்டில் மின் கருவி ஓடிக்கொண்டிருந்தால் தீப்பற்றுமோ என்று அஞ்சி, தொட்டிச் சுவரில் ஒட்டியிருந்த வெப்ப விரிப்பின் இணைப்பைப் பிடுங்கினேன். முன்னது இரக்கம், பின்னது எச்சரிக்கை. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நல்லவையாகவே தோன்றும். இரண்டும் சேர்ந்து அவ்வுயிரின் கழுத்தைப் பிடித்தன.

தவளை குளிர்ந்த குருதி உடைய பிராணி. நம்மைப்போல் உடலுக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கில்லை. சுற்றுப்புறம் எவ்வளவு சூடோ அவ்வளவே அதன் உடற்சூடு. கொம்புத் தவளைக்கு 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றது. அதற்கு மிகக் கீழே இறங்கினால் செரிமானம் தளர்ந்து நின்றுபோகும். வயிற்றில் உள்ள உணவோ நிற்பதில்லை. அது அழுகத் தொடங்கும். அந்த ஜனவரியில் சில இரவுகளில் தில்லியின் வெப்பநிலை 2 டிகிரிக்கும் கீழே சென்றது. நாங்கள் தஞ்சையில் பொங்கல் பானையைச் சுற்றி நின்ற நேரத்தில், வயிறு நிறைய உணவோடு குண்டோதரன் குளிரில் உறைந்து கிடந்தான்.

கையும் நீரும்

18ஆம் தேதி தமிழ்நாடு விரைவு வண்டியிலிருந்து இறங்கி வீட்டைத் திறந்ததும், மகன் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டியண்டை ஓடினான். தவளை வெளியே கிடந்தது. வயிறு ஊதியிருந்தது. தொடைகளின் உட்புறத்திலும் அடிவயிற்றிலும் செந்நிறம் படர்ந்திருந்தது. தொட்டபோது திமிறவில்லை. புரட்டிவிட்டால் உடனே திரும்பிக்கொள்ளும் அவ்வுயிர், புரட்டியபடியே கிடந்தது.

அந்த ஒரு மணி நேரத்தில் எங்கள் வீட்டில் மருத்துவர்கள் நால்வர் தோன்றினர். நான் அறைச் சூடேற்றியைத் தொட்டியின் அருகே இழுத்துவைத்தேன். தாயார், “நாம் குடிக்கும் நல்ல தண்ணீரையே விடுவோம்” என்று ஆர்.ஓ. நீரைக் கொணர்ந்து அதன்மேல் ஊற்றினார். மனைவி மஞ்சளைக் குழைத்துச் சிவந்த இடத்தில் பூச முற்பட்டாள். மகனோ அதைக் கையிலேந்தி, விடாமல் தடவிக்கொண்டே இருந்தான். நால்வரும் அன்பினால் செய்தோம். நால்வர் செய்ததும் தவறு.

மறுநாள் காலை, பறவை, ஆமை முதலியவற்றைப் பார்த்துப் பழகிய ஒரு கால்நடை மருத்துவரைத் தேடிப் பிடித்தோம். அவர் முதலில் சொன்ன சொற்கள் இன்னும் என் செவியில் உள்ளன: “தவளைக்குத் தோல் வெறும் போர்வை அன்று, அதுவே வாயும் நுரையீரலும். நீங்கள் எதைத் தொட்டுவிட்டு அதைத் தொட்டாலும், அது அதைக் குடிக்கிறது.”

தவளை வாயால் நீர் அருந்துவதில்லை. அடிவயிற்றிலும் தொடையிலும் உள்ள மெல்லிய தோலின் வழியே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. காற்றின் ஒரு பகுதியையும் தோலாலேயே பெறுகிறது. நம் கையில் உள்ள உப்பு, எண்ணெய், சோப்பு, பூச்சுக் களிம்பு ஆகிய அனைத்தும் அவ்வழியே உள்ளே செல்லும். ஆகவேதான் மஞ்சள் வேண்டா. மனிதருக்கான களிம்பு எதுவும் வேண்டா. தூக்க நேர்ந்தால், நன்றாக அலசிய ஈரக் கையாலோ, மாவு பூசாத, நீரில் கழுவிய கையுறையாலோ மட்டும் தூக்கவேண்டும். மதுரையில் குண்டோதரனின் தாகம் தீர இறைவன் ‘வை கை’ என்றான் என்பது புராணம். எங்கள் குண்டோதரனுக்கோ கை வைக்காதிருப்பதே மருந்தாயிற்று.

ஆர்.ஓ. நீர் ஏன் ஆகாது? அது நமக்குத் தூயது. ஆயினும் அதில் உப்புக்கள் பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். அத்தகைய நீரில் நெடுநேரம் ஊறினால், நோயுற்ற தவளையின் உடலிலுள்ள உப்புக்கள் தோல் வழியே கரைந்து வெளியேறும். சரி, குழாய் நீரை அப்படியே விடலாமா என்றால் அதுவும் ஆகாது. அதில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்த்திருப்பர். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்துவைத்தால் குளோரின் அகலும். குளோரமின் என்னும் சேர்மம் கலந்திருந்தால் வெறுமனே வைப்பதால் அகலாது. மீன் தொட்டிக் கடையில் விற்கும் குளோரின் நீக்கியில் சில சொட்டுக்கள் விட்டுப் பயன்படுத்துவதே எப்போதும் நலம்.

சூடேற்றியால் நேரும் தீங்கையும் மருத்துவர் விளக்கினார். திடீர்ச் சூடு தளர்ந்த உடலை உலுக்கிவிடும். வறண்ட காற்று தோலை உலர்த்திவிடும். தோல் உலர்ந்த தவளை மூச்சுத் திணறும். வெப்பத்தைச் சிறிது சிறிதாக ஏற்றவேண்டும். வெப்ப விரிப்பைத் தொட்டியின் அடியில் வைக்கலாகாது; பக்கச் சுவரில்தான் ஒட்டவேண்டும். காட்டில் வெயிலுக்குத் தப்பத் தவளை மண்ணுக்குள் இறங்கும். அடியிலிருந்து சூடு வந்தால், தப்புவதாக எண்ணி அது மேலும் இறங்கிச் சுட்டுக்கொள்ளும். விரிப்போடு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கருவி ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

இருபத்தொரு நாள்

செந்தொடை நோய் என்பது தவளைகளுக்குப் பழைய பகை. நீரில் இயல்பாகவே வாழும் பாக்டீரியாக்கள், குளிராலோ அழுக்காலோ தளர்ந்த உடலில் புகுந்து குருதியில் பரவுவதே அந்நோய். வீட்டு வைத்தியத்தால் அது தீராது. எடைக்கேற்ற அளவில் மருத்துவர் தரும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தே தீர்க்கும். எங்களுக்கும் அதையே கொடுத்தார். வீட்டில் நாங்கள் செய்யவேண்டியவை இவை என்றும் எழுதித் தந்தார்.

நார்த்தூளை முழுவதும் அகற்றி, ஈரமான வெண்ணிறக் காகிதத் துண்டை விரிக்கவேண்டும். அழுக்கும் குருதிக் கறையும் அதில் உடனே தெரியும். விழுங்கி வயிறு அடைபடும் அச்சமும் இல்லை. தினமும் ஒரு முறையேனும் அதை மாற்றவேண்டும். தவளையின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. மாற்றாவிட்டால், தான் கழித்த நஞ்சையே தோல் வழியே திரும்பக் குடித்து மடியும்.

நாள்தோறும் குளோரின் நீக்கிய, 26 டிகிரிச் சூடுள்ள நீரில் கால் மணி நேரம் அமர்த்தவேண்டும். நீர் அதன் முகவாய்க்குக் கீழேயே நிற்கவேண்டும். தவளைக்கு நீந்தவா தெரியாது என்று எண்ணலாகாது. தளர்ந்த தவளை ஆழ நீரில் மூழ்கி இறக்கும்.

தொட்டியை இருட்டான, அமைதியான மூலையில் வைத்துத் துணியால் பாதி மறைக்கவேண்டும். உணவு கூடாது, வாயைப் பிளந்து ஊட்டவே கூடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடை பார்த்துக் குறிக்கவேண்டும்.

கடைசிக் கட்டளையை மகன் ஏற்றான். சமையலறையின் சிறு எடைக் கருவியில் ஈரத்துணி விரித்த கிண்ணத்தை வைத்து எடையிட்டான். ஊருக்குப் போகுமுன் 162 கிராம் என்று அவன் குறித்துவைத்திருந்தான். நோயில் 139. நான்காம் நாள் குண்டோதரன் செரியாத புழுக்களைக் கக்கினான். நாற்றம் வீடெங்கும் பரவியது. மருத்துவரிடம் தொலைபேசியில் கூறியபோது, “உள்ளே இருப்பதைவிட வெளியே வந்தது நல்லதே” என்றார். ஏழாம் நாள் எடை 134. அன்றிரவு மகன் என்னிடம், “அப்பா, ஊருக்குப் போகாமல் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது இல்லையா?” என்று கேட்டான். இணைப்பைப் பிடுங்கியவன் நான் என்று அதுவரை அவனிடம் சொல்லவில்லை. அன்று சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து எழுந்து போய், வெப்ப விரிப்பு எரிகிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டான்.

பத்தாம் நாள் தொடையின் செந்நிறம் வெளிறியது. பதினான்காம் நாள் புரட்டினால் திரும்பிக்கொண்டது. இருபத்தொன்றாம் நாள் மாலை, மருத்துவரின் சம்மதத்தோடு, ஒரே ஒரு சிறு மண்புழுவை அதன் முன் நீட்டினான் மகன். சற்று நேரம் பார்த்துக்கொண்டேயிருந்தது. பிறகு கவ்வியது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் தாயார், அன்றைய தினம் புழுவின் பாவத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கூறவில்லை.

கவனிக்கவேண்டிய குறிகள்

தவளை வளர்க்கும் இல்லத்தார்க்குச் சில குறிப்புக்கள் தருகிறேன். நோய் முற்றிய பின்னரே தவளை அதை வெளிக்காட்டும். ஆகவே, இரு வாரங்களுக்கு மேல் தீனி மறுத்தல், எடை குறைதல், தோல் சிவத்தல், வயிறு திடீரென ஊதுதல், புரட்டினால் திரும்பாமை, பின்கால்கள் இழுத்துக்கொள்ளுதல் ஆகிய எதைக் கண்டாலும் தாமதியாதீர்கள். தாடை மென்மையாகிக் கால்கள் வளைந்தால் சுண்ணச்சத்தும் டி3 வைட்டமினும் குறைந்தன என்று பொருள். தீனியின்மேல் அவற்றின் தூளைத் தூவிக் கொடுப்பது முன்னெச்சரிக்கை. வாயைத் திறந்து திறந்து மூடி, கால்களால் உடலை வழித்துக்கொள்வதைக் கண்டு அஞ்சவேண்டா. அது தோலுரித்துத் தின்கிறது. அது நோயன்று, இயற்கை.

மருத்துவரிடம் செல்லும்போது காற்றுத் துளையுள்ள சிறு பெட்டியில் ஈரக் காகிதம் விரித்து எடுத்துச் செல்லுங்கள்; தண்ணீர் நிரப்பவேண்டா. தொட்டி நீரில் சிறிதும், எடைக் குறிப்பும் உடன் இருக்கட்டும். வீட்டில் வேறு தவளை இருந்தால் நோயுற்றதைத் தனியே வையுங்கள். தொட்ட பின் சோப்பால் கை கழுவுங்கள். தவளைகள் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடும் ஆதலால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொடவிடாதீர்கள். தொட்டி நீரைத் தோட்டத்திலும் பூங்காவிலும் கொட்டவே கொட்டாதீர்கள்.

இக்கடைசிக் குறிப்புக்குப் பெருங்காரணம் உண்டு. தவளையின் தோலைத் தாக்கிக் குருதியின் உப்புச் சமநிலையைக் குலைத்து இதயத்தை நிறுத்தும் கைட்ரிட் என்னும் பூஞ்சையை 1999ஆம் ஆண்டில் அறிஞர்கள் பெயரிட்டு விவரித்தனர். இந்நோயால் உலகில் குறைந்தது 501 இருவாழ்வி இனங்கள் நலிந்தன என்றும், அவற்றுள் 90 இனங்கள் அற்றுப்போயின என்று கருதப்படுகிறது என்றும் 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. தவளைகளை நாடுவிட்டு நாடு கொண்டுசெல்லும் வாணிகம் அது பரவக் காரணங்களுள் ஒன்று. வீட்டுத் தொட்டியின் ஒரு குவளை நீர், ஒரு குளத்துத் தவளைகளுக்குக் கூற்றமாகலாம்.

விட்டுவிட முடியாத உறவு

நோயின் நடுவே உறவினர் ஒருவர், “யமுனையில் விட்டுவிடுங்கள், பிழைத்தால் பிழைக்கட்டும்” என்றார். புண்ணியம்போல் தோன்றும் இச்செயல் இருமுனைப் பாவம். தில்லிக் குளிரில் அது மடியும். மடியாவிட்டால் நோயைப் பரப்பும், நம் ஊர்ச் சிற்றுயிர்களைத் தின்னும். அயலிடம் புகுந்த தவளை என்ன செய்யும் என்பதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. இந்தியப் பெருநிலத்துப் பெருந்தவளை அந்தமான் தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பெருகியது. அதன் தலைப்பிரட்டைகள் அத்தீவின் தவளைகளுடைய தலைப்பிரட்டைகளைத் தின்றுவிடுகின்றன. மறுபுறம், நம் ஊர்த் தவளையை மழைக்காலத்தில் பிடித்துவந்து வளர்ப்பதும் முறையன்று. நம் காட்டுயிர்கள் பலவற்றுக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பு உண்டு. அவை வாழவேண்டிய இடம் அவற்றின் குளமே.

வேலை தேடி வந்த நாம், ஆண்டுக்கொரு முறையேனும் வண்டியேறி ஊரைப் பார்த்துவருகிறோம். குண்டோதரனுக்கு அந்த வண்டி இல்லை. அவன் இனி சாக்கோவின் மழையைக் காணப்போவதில்லை. நாம் கொடுக்கும் நீரே அவனுக்கு மழை. நாம் காக்கும் சூடே அவனுக்கு வெயில். நன்கு பேணினால் பத்தாண்டுக்கும் மேல் வாழும் உயிர் அது. பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கும்போது இந்தக் கணக்கை நான் பார்க்கவில்லை. வாங்க விரும்பும் அன்பர்கள் விலையைக் கேட்குமுன், நாம் ஊருக்குப் போகும்போது இதை யார் பார்த்துக்கொள்வார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடை கிடைக்காவிட்டால் கடையைவிட்டு வெறுங்கையோடு திரும்புங்கள். அதுவும் ஓர் உயிர்க்குச் செய்யும் உபகாரமே.

2024ஆம் ஆண்டுப் பொங்கலுக்குத் தாயாரும் மனைவியும் மகனும் தஞ்சை சென்றனர். நான் தில்லியில் இருந்தேன். பொங்கலன்று காலை தொலைபேசியில் அழைத்த மகன், “பொங்கிவிட்டது அப்பா!” என்றான். அடுத்த மூச்சில், “தொட்டியில் எத்தனை டிகிரி?” என்றான்.

“இருபத்தாறு” என்றேன்.